பதின்மூன்றாவது சொல்

"ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாக ஒரு துளி கலப்பும் இல்லாமல் ஓடிவரும் பொன்னாறு நம் ரத்தம். மஞ்சளாற்றுச் சமவெளியின் அரசவை மொழி, அன்று எப்படிப் பேசப்பட்டதோ அப்படியே, இந்த உலகத்தில் ஹக்கா மக்களின் நாவில் மட்டும்தான் இன்னும் உயிரோடிருக்கிறது!"

நாம்ஹாங் பாங் குல மன்றத்தின் தலைவர் ஷியு-கோங் வசந்த வழிபாட்டன்று குலக்கோயில் முற்றத்தில் இப்படி முழங்கினார். முழங்கியது மாண்டரினில். ஹக்காவில் பேசத்தான் எழுந்தார். ஆனால் 'அரசவை', 'கலப்பு', 'நாகரிகம்' போன்ற சொற்கள் ஹக்காவில் அவருக்கு வரவில்லை. அவருக்கு ஹக்காவில் சரளமாக வருபவை தேயிலை, மழை, மருமகள் மீதான புகார் ஆகிய மூன்றும்தான். அன்றைய தலைப்பு அவை அல்ல.

முற்றத்தில் இருந்த இருநூறு பேரும் பலமாகக் கைதட்டினோம். பேச்சு முடிந்தால் உப்புப்பன்றிக்கறி பரிமாறுவார்கள்.

நான் மன்றத்தின் செயலாளர். பெயர் மெள-லிம். கையெழுத்து அழகாக இருந்ததால் இந்தப் பதவி வந்தது. குலவரலாற்றுப் புத்தகத்தை மாண்டரினில் தொகுத்ததும் நான்தான். அதில் முதல் அறுபது தலைமுறைகள் பக்கத்து ஊர் லியூ குலத்தாரின் புத்தகத்தில் இருந்து இரவல் வாங்கியவை. குலப்பெயரை மட்டும் மாற்றினேன். லியூக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் இரவல் வாங்கிய இடம் எனக்குத் தெரியும்.

உண்மையில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: சீனாவின் லுக்ஃபுங் கடற்கரையில் பஞ்சம் தாங்காமல் ஒருவர் தோணி ஏறித் தைவானுக்கு வந்தார். சமவெளியில் நல்ல வயல்களை எல்லாம் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டதால் இந்த மலையடிவாரத்துக்கு வந்தார். இங்கேயும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவள் பெயர் புத்தகத்தில் இல்லை. மற்றவர்கள் எங்கள் இனத்துக்கு வைத்த 'ஹக்கா' என்ற பெயருக்கே அர்த்தம் 'விருந்தாளிகள்' என்பதுதான். முந்நூறு வருஷம் தங்கிவிட்ட விருந்தாளிகள்.

தலைவருக்கு இந்த வரலாறு பிடிக்காது. அவருக்குத் தளபதிகள் வேண்டும். எங்கள் மலையில் பூச்சி கடித்த இலையில் போடும் தேநீருக்குப் 'பீற்றல் தேநீர்' என்று பெயர். அதை விற்றுத்தான் அவர் பணக்காரரானார். சரக்கைப் பற்றி இரண்டு மடங்கு சொல்லிப் பழகிய வாய், குலத்தைப் பற்றி மட்டும் ஒழுங்காகவா பேசும்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் குலக்கோயில் வாசலில் ஒரு கருங்கல் நட்டார். 'வயதுக்கு முன் தலைமுறை' என்று அதில் பொன்னெழுத்து. எங்கள் குலத்தில் தலைமுறைக்கு ஒரு சொல் உண்டு. முன்னோர் எழுதி வைத்த பாட்டில் இருந்து வரிசையாக ஒவ்வொரு சொல்லாக எடுத்து, அந்தத் தலைமுறையில் பிறக்கும் எல்லோருக்கும் பெயரின் நடுவே வைப்போம். பெயரைக் கேட்டாலே யார் யாருக்கு என்ன முறை என்று தெரிந்துவிடும். தலைவருடைய 'ஷியு' பாட்டில் பத்தாவது சொல். என் 'மெள' பதினொன்றாவது. எனக்கு எழுபத்து நான்கு வயது, அவருக்கு எழுபத்தொன்று. ஆனாலும் அவர் எனக்குச் சித்தப்பா முறை. கல்லின் சட்டப்படி, தலைமுறையில் இளையவர் மூத்தவரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு கையாலும் தேநீர் கொடுக்க வேண்டும், முறை சொல்லி எல்லோர் காதிலும் விழும்படி அழைக்க வேண்டும். கல் நட்ட அன்றே சட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். சோதனைக்கு அகப்பட்டவன் நான். என் முழங்கால் அப்போதே சரியில்லை.

அந்த வசந்த வழிபாடு நடந்த வருஷம் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு ஹக்கா மொழி ஆசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். பிள்ளைகள் வீட்டில் ஹக்கா கேட்பதில்லை. பள்ளியிலாவது கேட்கட்டும் என்று மேலிடம் சம்பளம் ஒதுக்கியிருந்தது. தேர்வுக் குழுவில் மூவர்: தலைமையாசிரியை வூ, தலைவர், நான். தலைமையாசிரியை கடலோரத்துக்காரர். ஹக்காவில் அவருக்கு 'நன்றி' மட்டும் தெரியும், அதையும் பக்கத்துப் பள்ளத்தாக்கின் ராகத்தில் சொல்வார். எங்களுக்குக் குரல் ஏறும் இடத்தில் அவர்களுக்கு இறங்கும். அவர் நன்றி சொன்னால் எங்கள் ஊர்க் கிழவிகள் ஏதோ மறுப்புச் சொல்கிறார் என்று முகம் சுளிப்பார்கள்.

விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் தலைவருடைய தம்பியின் பேரன் கோ-மின், தாய்பேயில் முதுகலை படித்தவன். இன்னொருத்தி அரிசி நூடுல்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஆ-லான்.

ஆ-லான் இந்தோனேசியாவின் சிங்காவாங்கில் இருந்து வந்த மருமகள். சீமைப்பனிச்சைப் பழத் தோட்டக்காரன் லோ அவளைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அங்கேயும் ஹக்காக்காரர்கள்தான். அதனால்தான் எங்கள் பையன்கள் அவ்வளவு தூரம் போய்ப் பெண் எடுத்தார்கள். எடுத்து வந்த பிறகு 'வெளிநாட்டு மருமகள்' என்றார்கள். ஹக்கா மொழித் தேர்வில் அவள் உயர்நிலைச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மிளகாய்ச் சாடிக்கு மேலே மாட்டியிருந்தாள்.

நேர்முகத்துக்கு முந்தைய நாள் தலைவர் என்னை நூடுல்ஸ் சாப்பிட அழைத்துப் போனார். பேச்சுக் கொடுத்து அவளை விலகச் சொல்வதுதான் திட்டம்.

"ஆ-லான், விண்ணப்பம் போட்டிருக்கியாமே?"

"ஆமா பெரியப்பா. காரம் போடவா?"

"கொஞ்சமா. சொல்றேன்னு தப்பா நினைக்காத. நீ நல்லாத்தான் பேசுற. ஆனா உன் பேச்சுல மலாய் வாடை அடிக்குது. சந்தைக்குப் 'பாசார்'ங்கிற."

"எங்க ஊருச் சந்தையில மலாய்க்காரங்க, தாயாக்குப் பழங்குடிக்காரங்க, நம்மாளுங்க எல்லாம் ஒரே வரிசையிலதான் நிப்போம் பெரியப்பா. வார்த்தையும் கூட நின்னு ஒட்டிக்கிச்சு. அது இருக்கட்டும், நீங்க இப்ப எதுல வந்தீங்க?"

"என்ன கேள்வி? ஓத்தோபாய்லதான்," என்று வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைக் காட்டினார்.

"கூடையில என்ன?"

"தொமாத்தோ. இப்பத்தான் தொராக்குல வந்து எறங்குச்சு," என்று தக்காளியையும் எதிரே நின்ற லாரியையும் காட்டினார்.

அவள் நூடுல்ஸை வடிகட்டியில் உதறியபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஓத்தோபாய், தொமாத்தோ, தொராக்கு. மூணும் மஞ்சளாத்து அரசவையில பேசினதா பெரியப்பா? இல்ல இங்க ஆண்ட ஜப்பான்காரன் மூட்டை கட்டுறப்ப மறந்து விட்டுட்டுப் போனதா?"

பக்கத்து மேசையில் யாருக்கோ புரையேறியது. தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மரியாதை குறையும்போதெல்லாம் அவர் அப்படித்தான் செய்வார்.

"வாய் இருக்கு உனக்கு. ஆனா பள்ளிக்கூடத்துக்கு வாய் மட்டும் போதாது. வேர் வேணும். பிள்ளைங்க நாளைக்கு 'டீச்சர், நாம எங்கேயிருந்து வந்தோம்'னு கேட்டா என்ன சொல்லுவ?"

ஆ-லான் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"பெரியப்பா, தினமும் நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறேன். பின்வாசல் வழியா, சமையல்கட்டுக்கு நூடுல்ஸ் குடுக்க. என் பொண்ணு யுன்-ஷி ரெண்டாம் வகுப்பு. என்னைப் பாத்தா தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிறா. 'உங்கம்மா வெளிநாட்டுக்காரி'ன்னு கூடப் படிக்கிறதுங்க சொல்லுதாம். அதுங்களுக்கு ஹக்காவுல ஒண்ணுலேர்ந்து பத்து எண்ணத் தெரியாது. எனக்கு இந்த வேலை வேணும். நான் விலக மாட்டேன்."

தலைவர் நூடுல்ஸ் சாப்பிட்டார். காரம் அதிகமாக இருந்திருக்கும், கண் கலங்கியது. காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்:

"மெள-லிம், நாளைக்கு நீ கோ-மின்னுக்குத்தான் ஓட்டுப் போடுற."

"சரிங்க சித்தப்பா," என்றேன்.

மறுநாள் காலை பள்ளி நூலகத்தில் கூடினோம். தலைவர் ஒரு பொட்டலம் பீற்றல் தேநீர் கொண்டுவந்திருந்தார். தலைமையாசிரியை ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரும் ஐந்து கிண்ணமும் வைத்தார். நான் குலவரலாற்றுப் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன், தலைவர் சொல்லித்தான். அதன் கனத்தைப் பார்த்தே அவள் பயந்துவிடுவாள் என்று அவர் நம்பினார்.

முதலில் கோ-மின். 'நாம் எங்கிருந்து வந்தோம்' என்ற கேள்விக்கு, எங்கள் இனத்தின் ஐந்து பெரும் இடப்பெயர்வுகளையும் ஆண்டு மாதத்தோடு ஒப்பித்தான். தொலைக்காட்சி ஹக்கா. ரயில் நிலையத்தில் அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கிற குரல் போல இருந்தது. தலைவர் கண்ணை மூடி ரசித்தார்.

"அற்புதம். இந்த வேலை உனக்கு ஏன் வேணும்?"

"எனக்கு வேணும்னு நான் எங்க சொன்னேன் பெரிய தாத்தா? நீங்கதானே விண்ணப்பம் போட்டீங்க?"

தலைமையாசிரியை இருமினார். கோ-மின் ஜன்னலோர நாற்காலிக்கு நகர்ந்தான். அடுத்து ஆ-லான். வெள்ளைச் சட்டை போட்டு, முடியை இறுக்கிக் கட்டி, முன்வாசல் வழியாக வந்திருந்தாள். அதே கேள்வி.

"சிங்காவாங்லேர்ந்து வந்தேன். எங்க கொள்ளுத்தாத்தா லுக்ஃபுங்லேர்ந்து தங்கச் சுரங்கத்துக்குக் கூலியா வந்தாரு. அதுக்கு முன்னாடி மலை. அதுக்கும் முன்னாடி வேற மலை. பசியில நடந்தவங்க பெரியப்பா, பாத்த ஊரையெல்லாம் குறிச்சு வச்சிக்கிட்டா நடந்திருப்பாங்க?"

"இதைத்தான் சொன்னேன்," என்று தலைவர் தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். "வேர் கிடையாது." பிறகு அவளிடம், ஏதோ இரக்கத்தோடு: "அடையாள அட்டையில லூசியானான்னு இருக்கு. பிறந்த வீட்டுல குலப்பெயர்னு ஒண்ணாவது இருந்துச்சா?"

"பாங்."

தலைவர் சிரித்தார்.

"பாங் ஊருக்கு ஊர் இருக்காங்க. பாட்டு தெரியுமா, தலைமுறைப் பாட்டு?"

இந்த இடத்தில் அவர் வாயை மூடியிருக்கலாம். ஆனால் அவர் அந்தப் பாட்டை அவ்வளவு நேசித்தார். அதில் ஒரு துக்கமும் இருந்தது. இருபது சொல் கொண்ட பாட்டில் எங்களிடம் மிஞ்சியிருந்தது பன்னிரண்டுதான். மீதி இருந்த ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது. தலைவருடைய பேரன் பன்னிரண்டாவது. அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு வைக்கச் சொல் இல்லை. தானே ஒன்று எழுதிவிடலாம் என்று தலைவர் எண்ணியிருந்தார். 'மாட்சி' என்று தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தார். ஆனால் அதை யாரிடம் சொன்னாலும் அவர் குரல் கொஞ்சம் இறங்கிப்போகும்.

ஆ-லான் கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் ஒப்பிக்கிற பிள்ளையைப் போலத் தொடங்கினாள். முதல் சொல், இரண்டாம் சொல். நான் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக்கொண்டே போனேன். ஒன்றும் பிசகவில்லை. பன்னிரண்டாவது சொல்லுக்குப் பிறகு என் விரல் வெற்றுத்தாளில் நின்றது. அவள் நிற்கவில்லை. பதின்மூன்று, பதினான்கு என்று இருபதுவரை சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

"எங்க நாட்டுல சீனப் பள்ளிக்கூடத்தையெல்லாம் மூடிட்டாங்க," என்றாள். "சீனப் பேரே வச்சிக்கக் கூடாதுன்னாங்க. அப்பா காலண்டர் தாள்ல பின்பக்கமா இதை எழுத வச்சாரு. எழுதினதும் அடுப்புல போட்டுடுவாரு. ஆண் பிள்ளை இல்லாததால எங்க நாலு பொண்ணுங்களுக்கும் பாட்டுல வர்ற சொல்லையே பேர்ல வச்சாரு. என் முழுப்பேரு பாங் குய்-லான்."

குய்.

என் விரல் தானாகப் பின்னுக்குப் போனது. 'குய்' எட்டாவது சொல். அவள் பரம்பரையில் ஒவ்வொருவரும் கடைக்குட்டியாகப் பிறந்து, வயதான பிறகு கல்யாணம் செய்திருக்க வேண்டும். அங்கே தலைமுறைகள் நிதானமாக நடந்திருக்கின்றன; இங்கே ஓடியிருக்கின்றன.

நியாயம், மொழி, பிள்ளைகளின் எதிர்காலம் இவற்றுக்காக நான் வாய் திறந்தேன் என்று இங்கே எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கு ஞாபகம் வந்தது என் முழங்கால்தான்.

"சித்தப்பா," என்றேன். "குய் எட்டாவது. நீங்க பத்தாவது."

"தெரியும்."

"உங்க தாத்தா பேரு என்னங்க சித்தப்பா?"

அவருடைய தாத்தா பாங் குய்-சாங். குலக்கோயில் சுவரில் பெரிய படமே இருக்கிறது.

"அப்ப இவங்க உங்களுக்கு..." என்று கோ-மின் விரல் விட்டு எண்ணினான். "அத்தைப்பாட்டி! ஐயோ, எனக்கு இன்னும் ரெண்டு மேல!" அவன் எழுந்து நின்றுவிட்டான். அந்தப் பையனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"அத்தைப்பாட்டியா, யாரு?" என்றார் தலைமையாசிரியை. விளக்கினேன். கருங்கல்லைப் பற்றியும் சொன்னேன், கேட்காமலே சொன்னேன். தேநீர், இரண்டு கை, உரக்க.

எழுபத்தொரு வயது மனிதர் முப்பத்து நான்கு வயதுப் பெண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் பதறிப்போனாள்.

"வேணாம் பெரியப்பா, உக்காருங்க. நான் அதுக்காகச் சொல்லல."

"பெரியப்பான்னு கூப்பிடாத," என்றார் தலைவர். "கூப்பிடாதீங்க."

எழுந்தார். ஃபிளாஸ்க்கைச் சாய்த்துத் தன் பீற்றல் தேநீரை ஊற்றினார். கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டி, "அத்தைப்பாட்டி, தேநீர் எடுத்துக்குங்க," என்றார். ஹக்காவில். எங்கள் ஊர் ராகத்தில், ஒரு சொல்கூட மாண்டரின் கலக்காமல். அவர் இவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. அதன்பிறகு, நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அந்தப் பதின்மூணாவது சொல்லு. இன்னொரு தடவை சொல்லுங்க."

"கியாம்," என்றாள் அவள். "பணிவுன்னு அர்த்தம்."

கோ-மின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. தலைவர் அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"மெள-லிம், எழுதிக்க. மீதி எட்டையும் எழுதிக்க. கரையானுக்குக் கிடைக்காத மாதிரி எழுது."

எழுதினேன். "அப்ப வேலையை முடிவு பண்ணிடலாமா?" என்றார் தலைமையாசிரியை.

"ஒரு நிமிஷம்மா," என்றாள் ஆ-லான். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அத்தைப்பாட்டிங்கிறதுக்காக எனக்கு வேலை குடுத்தா, நாளைக்கு ஊரே அதைத்தான் சொல்லும். என் பொண்ணு மறுபடி தூணுக்குப் பின்னாடிதான் நிப்பா. பிள்ளைங்களைக் கூப்பிடுங்க. பத்து நிமிஷம் குடுங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

அந்த நேரம் பாடம் இல்லாமல் இருந்தது இரண்டாம் வகுப்புதான். பதினான்கு பிள்ளைகள் நூலகத்துத் தரையில் வந்து உட்கார்ந்தார்கள். யுன்-ஷி கடைசியில், அலமாரியோடு அலமாரியாக. ஆ-லான் அவளைப் பார்க்கவேயில்லை.

'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தாள். முதலில் எங்கள் ஊர் ராகத்தில். பிறகு பக்கத்துப் பள்ளத்தாக்கின் ராகத்தில், ஏறுவதை இறக்கி, இறங்குவதை ஏற்றி, கையை ஊஞ்சல் மாதிரி ஆட்டி. கடைசியாகச் சிங்காவாங் ராகத்தில். பிள்ளைகள் கையை ஆட்டிக்கொண்டே கத்தினார்கள். கோ-மின்னும் கத்தினான். தலைமையாசிரியை 'நன்றி'யைத் தான் எந்தப் பள்ளத்தாக்கில் தொலைத்தோம் என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்.

ஒரு குண்டுப் பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், மூணுல எது சரியானது?"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் நாற்பது நிமிடப் பதில் இருந்தது.

"யாரு வீட்டுல இன்னைக்குச் சாப்பிடப் போறியோ, அவங்க சொல்றதுதான் சரி," என்றாள் ஆ-லான்.

குண்டுப் பெண் திருப்தியாகத் தலையாட்டினாள். பக்கத்தில் இருந்த யுன்-ஷியை இடித்து, "இது உங்கம்மாதானே?" என்று கேட்டாள்.

"வீட்டுலதான் அம்மா," என்றாள் யுன்-ஷி. "இங்க டீச்சர்." சொல்லிவிட்டு அலமாரியை விட்டு ஒரு சாண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் போனபின் ஓட்டெடுத்தோம். தலைவர்தான் முதலில் கை தூக்கினார். நான் இரண்டாவது, முதலாவதாக இருக்க எனக்குத் துணிச்சல் எப்போதும் இருந்ததில்லை. தலைமையாசிரியை மூன்றாவது. ஓட்டுரிமை இல்லாத கோ-மின் இரண்டு கையையும் தூக்கினான்.

"திங்கக்கிழமையே வந்துடுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியை. ஆ-லான் சரி என்று தலையாட்டினாள். அத்தனை ராகம் தெரிந்தவளுக்கு அப்போது ஒன்றும் கைகொடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். "நல்லா இருக்கு," என்றாள். தலைவர் முகம் மலர்ந்து அந்தத் தேயிலையின் விலையைச் சொன்னார். வழக்கம்போல இரண்டு மடங்காக. அவள், "ஷியு-கோங்," என்று பெயர் சொல்லி லேசாக அதட்டினாள். அவர் சரியான விலையைச் சொன்னார்.

ஒரு வேலைதான் பாக்கி. ஹக்கா மொழி ஆசிரியர் நியமனம் என்பதால் குழுவின் பரிந்துரை ஹக்காவிலேயே எழுதப்பட வேண்டும் என்று மேலிடத்தின் சுற்றறிக்கையில் இருந்தது. தாளை நடுவில் வைத்து மூவரும் கையெழுத்துப் போட்டோம். பரிந்துரையைச் சொல்லச் சொல்ல எழுதும் பொறுப்பு என்னுடையது. நான் பேனாவைத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் தலைமையாசிரியையிடம் கொடுத்தார்.

எங்கள் மூவரில் யாருக்கும் ஹக்காவில் எழுதத் தெரியாததால், பாங் குய்-லானுக்கான பரிந்துரையைப் பாங் குய்-லானே எழுதிக்கொண்டார்.